எருது நேரம்

நள்ளிரவு தாண்டிவிட்டது. தூக்கம் கலையாமலே ஒருத்தி எழுந்து நிற்கிறாள். ஒரு கையில் முறுக்கிய காகிதத் திரி எரிகிறது, மறுகையில் மடித்த மெல்லிய தாள். குனிந்து பார்க்கும் அளவுக்குக்கூட விழிப்பு வரவில்லை. பாதத்தாலேயே செருப்பைத் துழாவுகிறாள். தோளில் உடை நழுவியிருக்கிறது. கொல்லைப்புறம் போக எழுந்தவள், அவ்வளவுதான். உள்ளே காசு கொடுத்தவன் எவனோ உறங்குகிறான். படத்தில் அவன் இல்லை. ஜப்பானிய மர அச்சுப்பட ஓவியர் கிட்டகாவா உட்டமாரோ 1794 வாக்கில் வரைந்த 'யோஷிவாராவின் பன்னிரண்டு நேரங்கள்' வரிசையில் எருது நேரத்துக்குரிய தாள் இது. யோஷிவாரா என்பது எடோவில், அதாவது இன்றைய தோக்கியோவில், அரசு உரிமத்தோடு இருந்த கணிகையர் குடியிருப்பு. பழைய ஜப்பானியக் கணக்கில் ஒரு நாளுக்குப் பன்னிரண்டு பங்கு, பங்குக்கு ஒரு விலங்கு. எருதின் பங்கு நம் கடிகாரத்தில் பின்னிரவு ஒன்றிலிருந்து மூன்று வரை. அதற்கடுத்தது புலி. அந்தப் புலி நேரம் முடிவதற்குள் இலங்கை மலையகத்தில், எங்கள் பூண்டுலோயாவில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பிராக்களில் விளக்கெரியத் தொடங்கிவிடும். ரொட்டி சுட வேண்டும், பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு நேரத்தோடு போக வேண்டும். தூக்கக் கண்ணோடு வாசலில் செருப்பைக் காலால் தேடும் பெண்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்தத் தாளை முதலில் பார்த்தபோது தூரதேசத்துப் படமாக அது தோன்றவில்லை. என்னைத் தொந்தரவு செய்வது அதன் துயரம் என்று சொல்லிவிட்டால் வேலை எளிது. உண்மையில் தொந்தரவு செய்வது அதன் அழகு. அந்தக் கழுத்து வளைவை, கூந்தல் விளிம்பில் இழை இழையாக ஓடும் கோட்டை நான் ரசிக்கிறேன். ரசிக்கும்போது யார் பக்கம் நிற்கிறேன் என்பதுதான் விளங்கவில்லை.

அந்தக் கூந்தல் கோட்டை உட்டமாரோ வெட்டவில்லை. வரைந்து கொடுத்ததோடு அவர் வேலை தீர்ந்தது. செர்ரி மரப்பலகையில் முடி முடியாகச் செதுக்கியவன் வேறொருவன். நெற்றியோரத்து மயிரைச் செதுக்குவது அந்தத் தொழிலின் உச்சமான வேலை, தலைமைச் செதுக்காளர்தான் அதைச் செய்வார். வண்ணத்துக்கு ஒரு பலகையாக அடுக்கி, மூலையில் வெட்டிய அடையாளத்துக்குப் பொருத்தித் தாளை வைத்து, முதுகில் தேய்த்து எடுத்தவன் இன்னொருவன். எல்லாருக்கும் பணம் போட்டவர் பதிப்பாளர். இந்த வரிசைக்குப் பணம் போட்டவர் த்சுதாயா ஜூசாபுரோ. யோஷிவாராவிலேயே பிறந்தவர், அதன் வாசலருகே கடை வைத்துத் தொழில் தொடங்கியவர். எந்த வீட்டில் எந்தப் பெண், என்ன தரம், என்ன விலை என்று சொல்லும் யோஷிவாரா வழிகாட்டிக் கையேட்டை அச்சிட்டு விற்கும் உரிமையும் அவர் கைக்குத்தான் வந்தது. ஆக ஒரே கடையில் விலைப்பட்டியலும் கிடைத்தது, கவிதை போன்ற படமும் கிடைத்தது. அதற்கு முன்பே 1770களில் இசோதா கோரியூசாய் என்பவர் இளந்தளிர் போலப் புதிய துணிக்கோலங்கள் என்ற பொருளில் தலைப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்ட தாள்கள் வரைந்தார். ஒவ்வொன்றிலும் பெயர்பெற்ற ஒரு கணிகை புது உடையில் நிற்கிறாள். உடையையும் விற்கலாம், அவளையும் விற்கலாம், படத்தையும் விற்கலாம். ஒரு தாளின் விலை ஏறக்குறைய ஒரு கிண்ணம் நூடில்ஸின் விலை. அவளிடம் போக வசதியில்லாத கூலிக்காரனும் கடைப்பையனும் அவளை வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். இன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் குறைந்த வெளிச்சத்தில் பத்திரப்படுத்துகிற இந்தத் தாள்கள் அன்றைக்கு விளம்பரம். நல்ல விளம்பரம் கலையாகக் கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் விளம்பரம் என்பதை மறந்துவிட்டுப் பார்ப்பதற்கு நாம் யார்?

விளம்பரம் என்றதும் எங்கள் பக்கத்துப் படம் நினைவுக்கு வராமல் இராது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே உங்கள் தேநீர்க் கூசாவுக்கு என்று அவர் உலகத்துக்குச் சொன்னபோது, அந்த நேர்வழியின் முனையில் நிற்க ஒரு பெண் தேவைப்பட்டாள். மூக்குத்தி, காதில் கம்மல், தலையில் முக்காடு, முதுகில் கூடை, இரண்டு விரலில் இரண்டு இலையும் மொட்டும். நூற்று முப்பது ஆண்டுகளாக அவள் அந்த இடத்திலிருந்து நகரவில்லை. டின்னில் இருக்கிறாள், பெட்டியில் இருக்கிறாள், விமானத்தில் கொடுக்கும் சஞ்சிகையில் இருக்கிறாள். 1930களில் அரசர் தலையோடு வந்த இலங்கைத் தபால்தலைகளில்கூட இருந்தாள். கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் அச்சிட்டுக் குவித்த தபாலட்டைகளில் அவள் கூட்டமாகவும் இருக்கிறாள், தனியாகவும் இருக்கிறாள். கீழே தமிழ்ப் பெண், கொழுந்து பறிப்பவள் என்ற அளவில் ஒரு குறிப்பு. அவள் எப்போதும் வெயிலில்தான் நிற்கிறாள். பூண்டுலோயாவில் ஆனி ஆடியில் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே வெயில் என்பது விருந்தாளி. கம்பளியைத் தலையில் போட்டு, இடுப்பில் படங்கைக் கட்டி, கால்விரல் இடுக்கில் அட்டை ஏறியது தெரியாமல், மட்டக்கம்பைக் கொழுந்து மட்டத்தில் போட்டுப்போட்டு நகர்கிற உருவத்தை எந்த டின்னிலும் நான் கண்டதில்லை.

உட்டமாரோவும் உழைக்கிற பெண்களை வரைந்தார் என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 1798 வாக்கில் பட்டுப்புழு வளர்ப்பைப் பன்னிரண்டு தாள்களில் தொடராக வரைந்தார். முட்டை பொரிப்பது, மல்பெரி இலை பறித்துப் போடுவது, கூடு சேர்ப்பது, நூல் இழுப்பது என வேலை படிப்படியாகச் சரியாகவே இருக்கிறது. செய்கிறவர்கள்தான் சரியில்லை. யோஷிவாராவிலிருந்து இப்போதுதான் இறங்கி வந்தவர்களைப் போல நீண்ட கழுத்து, கலையாத கொண்டை, வெள்ளை விரல்கள். கூடு வேகும் வெந்நீரில் கையை விட்டு நூல் எடுத்தவளின் விரல் எப்படி இருக்கும் என்று நகரத்துக்காரனுக்குத் தெரியத் தேவையில்லை. கொழுந்துக்கறை பிடித்த விரல் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்: கட்டைவிரலின் உட்புறமும் ஆள்காட்டி விரலின் பக்கமும் கறுத்து, வெடித்து, தேசிக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எங்கள் லயத்தில் ஓய்வுபெற்ற ஓர் அம்மா இருக்கிறார். பல வருடங்களுக்கு முன் படம் பிடிக்க ஆட்கள் வந்தபோது நிற்க வைக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். "எல்லாருக்கும் ஒரே கலர்ல புதுச் சேலை குடுத்தாங்க தம்பி. கம்பளியும் படங்கும் வேணாமுன்னாங்க. கூடைய முதுகுலதான் போடணும், ஆனா தலக்கயிறு நெத்தியில தெரியக் கூடாதாம். எப்புடித் தெரியாமப் போவும்?" என்று கேட்டார். அன்றைக்கு அவர்கள் நின்ற மலை, பறித்து ஒரு வாரம் ஆகாத மலை. பறிக்கக் கொழுந்தே இல்லை. சும்மா விரலை வைத்துக்கொண்டிருந்தார்களாம். "மடுவத்துல நிறுக்க ஒண்ணுமில்ல. ஆனா பேர் போட்டுட்டாங்க, சேலையவும் திருப்பி வாங்கிட்டாங்க." கோபமாகச் சொல்லவில்லை. நிறை குறைந்ததற்காக அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி மட்டும், விழுந்த நாட்களைச் சொல்லும்போதுதான் அவருக்குக் கோபம் வரும். படம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்குத்தான் அது பெரிய விஷயமாக இருக்கிறது. இது என்னுடைய படிப்பு கொடுத்த வியாதியாகவும் இருக்கலாம்.

இரண்டு படங்களுக்கும் வெளியே நிற்பது கடன். யோஷிவாராவுக்குப் பிள்ளைகள் ஏழெட்டு வயதில் வந்தார்கள். பஞ்சத்திலும் வரியிலும் நொந்த அப்பன் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு கைநாட்டு வைப்பான். அந்தத் தொகை பிள்ளையின் தலையில் கடனாக ஏறும். பெரியவளாகித் தொழிலுக்கு வந்த பிறகு பத்து வருடம் போல ஒப்பந்தம். இதற்கிடையே அவள் உடுத்தும் பட்டு, விரிக்கும் மெத்தை, கூடவே நிற்கும் சிறுமிகளின் சாப்பாடு எல்லாம் அவள் கணக்கில்தான் எழுதப்படும். அதாவது படத்தில் நாம் வாய்பிளந்து பார்க்கும் அந்த உடை அவளுடைய கடனின் வெளித்தோற்றம். உடை எவ்வளவுக்கெவ்வளவு அழகோ, அவள் வெளியேறும் நாள் அவ்வளவுக்கவ்வளவு தூரம். சுற்றிலும் அகழி, ஒரே ஒரு வாசல். எங்கள் கதையில் அகழி இல்லை, மலை இருந்தது. வாசலுக்குப் பதில் ஒரு துண்டு இருந்தது. ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்த கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் சேர்ந்து கடன். இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கூட்டத்தை விட்டுக்கொடுப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசிதான் துண்டு. அடுத்த தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டினால் கங்காணியோடு கூட்டமே இடம்மாறும். கடனும் கூடவே போகும். வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவதை 1865ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கி வைத்திருந்தது. 1921இல் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. அதற்கு முப்பது வருடங்களுக்கு முன்பே லிப்டனின் பெண் சிரிக்கத் தொடங்கிவிட்டாள் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த முப்பது வருடம் முழுக்கத் துண்டின் காலம்.

இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தை ஹட்டனில் ஆசிரியராக இருக்கும் நண்பனிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தான். "எங்கம்மா முப்பத்தஞ்சு வருசம் கூடை தூக்குனவங்க. அவங்கள அந்தப் பொம்பளைங்களோட சேத்து எழுதுறியா?" என்றான். நான் சேர்ப்பது படங்களையும் கடன்களையும்தான், பெண்களின் நடத்தையை இல்லை என்று பதில் சொன்னேன். சொல்லிவிட்டு வந்தாலும் அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அவன் காயப்பட்டதற்குள் ஒரு தராசு இருக்கிறது: கூடைக்காரி மேலே, கணிகை கீழே. அப்பன் வாங்கிய பணத்துக்காக ஏழு வயதில் வாசலுக்குள் விடப்பட்டவளை அந்தத் தராசில் ஏற்ற நமக்கு என்ன உரிமை? இன்னொன்றையும் சொல்லத் தயங்குகிறேன், இருந்தாலும் சொல்கிறேன். துரை பங்களாக்களிலும் கங்காணிமார் அதிகாரத்திலும் தோட்டத்துப் பெண்களுக்கு நடந்தவை லயங்களில் இன்றும் தாழ்ந்த குரலில் பேசப்படுகின்றன. அப்பன் பெயர் சொல்ல முடியாத பிள்ளைகள் எல்லா மலைகளிலும் பிறந்தார்கள். கணிகையோடு ஒப்பிடாதே என்று நாம் கோபப்படும்போது, நம் பெண்களின் மானத்தைக் காக்கிறோம் என்று நினைத்து அவர்களுக்கு நேர்ந்ததையும் சேர்த்து மூடிவிடுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

கடன்களை முதலில் ஒன்றாகச் சேர்த்தவன் நான் இல்லை. 1872இல் மக்காவிலிருந்து சுமார் 230 சீனக் கூலிகளை ஏற்றிக்கொண்டு பெருநாட்டுக்குப் போன மரியா லூஸ் என்ற கப்பல் பழுதாகி யோகஹாமாவில் ஒதுங்கியது. ஒருவன் கடலில் குதித்து நீந்திப்போய்ப் பக்கத்தில் நின்ற ஆங்கிலக் கப்பலில் அடைக்கலம் கேட்டான். வழக்கு வந்தது, அவர்களை விடுவிக்க ஜப்பானிய நீதிமன்றம் தீர்மானித்தது. கப்பல் தலைவனுக்காக வாதாடியவர் ஃபிரெடரிக் டிக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர். பழைய ஜப்பானியக் கவிதைகளை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. உங்கள் நாட்டிலேயே பெண்களைக் கடனுக்குக் கட்டிவைக்கும் ஒப்பந்தங்கள் செல்லுபடியாகும்போது கூலி ஒப்பந்தம் மட்டும் எப்படிக் குற்றம் என்று அவர் யோஷிவாரா ஒப்பந்தத்தை எடுத்துப் போட்டார். கூலிக்காரனைக் கட்டி வைப்பதற்காகக் கணிகையைச் சாட்சிக்குக் கூப்பிட்ட அந்த வாதத்தைவிடக் கொடுமையான இலக்கிய ரசனையை நான் கேள்விப்பட்டதில்லை. அரசாங்கத்துக்கு வெட்கமாகிவிட்டது. அதே ஆண்டு கணிகைகளை விடுவித்து ஆணை வந்தது. கடனை எப்படி ரத்துச் செய்வது? நீதித்துறை ஒரு வழி கண்டுபிடித்தது: இந்தப் பெண்கள் மனித உரிமையை இழந்து மாட்டுக்கும் குதிரைக்கும் சமமாகிவிட்டவர்கள், மாட்டிடமும் குதிரையிடமும் கடனைத் திருப்பிக் கேட்பது நியாயமில்லை, ஆகவே இவர்களிடமும் கேட்கக் கூடாது. கால்நடை விடுதலை ஆணை என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். விடுதலையானவர்களில் போக இடமில்லாதவர்கள் உரிமச்சீட்டு வாங்கிக்கொண்டு, வாடகை அறை என்று புதுப்பெயர் பெற்ற அதே வீடுகளுக்குத் திரும்பினார்கள். யோஷிவாராவில் அந்தத் தொழில் 1958 வரைக்கும் வெளிப்படையாக நடந்தது.

பெயர் பற்றித்தான் நான் அதிக நாள் யோசித்தேன். ஜப்பானியத் தாள்களில் பெயர் இருக்கிறது. ஓகியா வீட்டு ஹனாஓகி, மத்சுபாயா வீட்டு செகாவா என்று படத்தின் ஓரத்தில் பொறித்திருக்கிறது. எங்கள் படங்களில் பெயரே கிடையாது. அங்கே மரியாதை இருந்தது, இங்கே இல்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஹனாஓகி என்பது வீட்டுக்குச் சொந்தமான பெயர். ஒருத்தி போனால் அடுத்தவளுக்கு அதைச் சூட்டுவார்கள். பிறந்தபோது அம்மா கூப்பிட்ட பெயர் கிராமத்திலேயே நின்றுவிடும். இதைவிட விசித்திரம் 1793இல் வந்த அரசுக் கட்டளை: தனித்தாள் படங்களில் கணிகையைத் தவிர வேறெந்தப் பெண்ணின் பெயரையும் போடக் கூடாது. அசாகுசாக் கோயிலருகே தேநீர்க் கடையில் தட்டில் கோப்பை ஏந்தி வந்த ஓகிதா என்ற பெண்ணை உட்டமாரோ பெயரோடு வரைந்து புகழ்பெற வைத்திருந்தார். கட்டளை வந்தபின் பெயரைப் பட விடுகதையாக்கி மூலையில் ஒளித்துப் பார்த்தார். 1796இல் விடுகதைக்கும் தடை வந்தது. அதாவது, விலைக்கு இருப்பவளுக்கு மட்டும்தான் அச்சில் பெயர் அனுமதி. பெயரை அடையாளம் என்று நம்பி வந்த எனக்கு இது பெரிய அடி. இங்கே நிலைமை வேறுவிதமான வேடிக்கை. ஐல் ஒஃப் வைட் தீவில் டெனிசனையும் டார்வினையும் படமெடுத்த ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பக்கத்து கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானவர். இங்கே அவர் எடுத்த முகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடையாது. இன்னும் கிட்டத்தில், பூண்டுலோயாவிலேயே தோட்டத்துரையாக இருந்த எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன் செடிகளில் ஒட்டும் செதில்பூச்சிகளைப் பற்றி 1896இல் தொடங்கிப் பல பாகங்களாக நூல் எழுதினார். பூச்சி பூச்சியாக வண்ணத்தில் வரைந்து, பெயரிட்டு, பூண்டுலோயாவில் கிடைத்தது என்று குறித்திருக்கிறார். 1902இல் ஒரு தத்துப்பூச்சிப் பேரினத்துக்கே எங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். அதில் ஓர் இனத்துக்குத் துரையின் பெயர். அந்தச் செடிகளின் நடுவே தினமும் நின்ற பெண்களுக்குச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஓர் எண் இருந்தது, கடல் கடக்கும்போது கழுத்தில் தகரத்தில் ஓர் எண் தொங்கியது. நான் கிரீனைக் குறை சொல்லவில்லை. அவர் பூச்சிகளைப் பார்க்க வந்தவர், பூச்சிகளை நன்றாகவே பார்த்தார்.

ஜப்பானியப் பெண்ணும் நம்முடைய பெண்ணும் உண்மையிலேயே பக்கத்துப் பக்கத்தில் நின்ற ஓர் இடமும் உண்டு: அமெரிக்கப் பலசரக்குக் கடை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மர அச்சுப்படத் தொழில் நொடிந்தபோது, எடோவின் செதுக்காளர்களும் அச்சாளர்களும் யோகஹாமாவிலிருந்து ஏற்றுமதியான தேயிலைப் பெட்டிகளுக்கு வண்ண முகப்புத்தாள் அச்சடித்து வயிறு கழுவினார்கள். பூ, பறவையோடு கிமோனோ உடுத்த அழகிகளும் அந்தத் தாள்களில் வந்தார்கள். அமெரிக்கர் அப்போது குடித்ததில் ஜப்பானியப் பச்சைத் தேயிலைக்குப் பெரும் பங்கு. அந்தச் சந்தையை உடைக்கத்தான் 1893 சிக்காகோக் கண்காட்சியில் இலங்கை தனி மண்டபம் கட்டித் தேநீர் விற்றது. விசிறிக்காரியா, கூடைக்காரியா என்று வாங்குகிறவன் தேர்ந்தெடுத்தான். இருவரும் பொருளைத் தயாரித்த வேலையின் நாற்றம் படாமல் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் போட்டியில் கூடைக்காரி வென்றாள் என்றே சொல்லலாம். அவளுக்கு அதில் கிடைத்தது ஒன்றுமில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தோட்டத்தில் ஒரே நாட்சம்பளம் வந்தது 1984இல், அதுவும் வேலைநிறுத்தம் செய்த பிறகு. அதுவரைக்கும் உலகமெல்லாம் தேயிலை விற்ற முகத்துக்குக் கவ்வாத்துக்காரனைவிடக் குறைந்த கூலி. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021இல் வர்த்தமானியில் வருவதற்கு எத்தனை வருடம் தெருவில் நின்றோம் என்பது இதை வாசிக்கும் மலையகத்தாருக்குத் தெரியும்.

யோஷிவாராவின் பெண்கள் எழுதத் தெரிந்தவர்கள். 1784இல் சான்தோ கியோதென் வரைந்த ஒரு தொகுப்பில் கணிகைகளின் கையெழுத்தில் கவிதைகளே செதுக்கப்பட்டு வந்தன. வாசகர்கள் எழுத்தழகை ஒப்பிட்டு மகிழ. அதுவும் ஆபரணம்தான். அவர்கள் தங்களுக்காக எழுதியது வேறு. 1849இல் உமேமோதோயா என்ற வீட்டில் 16 பெண்கள் சேர்ந்து தீ வைத்தார்கள். தீ உடனே அணைந்தது, அவர்கள் தாங்களாகவே போய் ஒப்புக்கொண்டார்கள். விசாரணையில் அவர்களுடைய நாட்குறிப்புகள் சாட்சியாயின: முதலாளியின் அடி, வாயில் வைக்க முடியாத சாப்பாடு. அழகான எழுத்து இல்லை, எளிய அசையெழுத்தில் எழுதியது. உட்டமாரோவின் பன்னிரண்டு தாள்களையும் அந்தப் பக்கங்களையும் ஒன்றாக வைத்தால்தான் ஒரு முழு நாள் கிடைக்கும். நம் பெண்கள் கைநாட்டு வைத்தவர்கள். நாட்குறிப்பு இல்லை, பாட்டு இருந்தது. பூண்டுலோயா மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை அந்தப் பாடல்களைச் சேர்த்து 1983இல் மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்று நூலாக்காமல் இருந்திருந்தால் அதுவும் நமக்கில்லை. அவர் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையைவிட அந்தத் தொகுப்பையே நான் மேலாக மதிக்கிறேன். கவிதையில் விடியலும் பனியும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கின்றன. ஆங்கில வாசகன் எதிர்பார்த்த மலைநாட்டின் மேல் அவர் இரக்கத்தை ஊற்றினார் என்று தோன்றுகிறது. பாடல்களில் கங்காணியின் குடையும் தடியும் இருக்கின்றன, நிறையில் ஏமாற்றியது இருக்கிறது, பகிடியும் வசவும் இருக்கின்றன. அவளே பாடியது, அதனால் அழகாகக் காட்ட வேண்டிய அவசியம் அதற்கில்லை.

படத்திலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடியபோதுதான் லயத்து டிரங்குப் பெட்டிகள் நினைவுக்கு வந்தன. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு பிரதமர்கள் எங்களைப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். பறித்துக் காய்த்த கைகளோடு பெண்கள் தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் நாவலப்பிட்டிக்கும் பஸ் ஏறிப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்டூடியோ ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். கூடை இல்லை, செடி இல்லை, சிரிப்பு இல்லை. எண்ணெய் வைத்து வாரிய தலை, தோளை இழுத்துப் போர்த்திய சேலை, நேரே பார்க்கும் பார்வை. எதையும் விற்பதற்காக எடுக்காத படம், ஒரு நாட்டை விட்டு அனுப்புவதற்காக எடுத்த படம். உட்டமாரோவின் கோட்டுக்கு முன்னால் இவற்றைக் கலை என்று சொல்ல மாட்டேன். வெளிச்சம் தட்டையாக விழுந்திருக்கிறது, பாதிப் படங்களில் கண் மூடிப்போயிருக்கிறது. ஆனால் முகத்துக்குக் கீழே அவளுடைய சொந்தப் பெயர், வயது, பிறந்த இடம், பக்கத்தில் கறுத்த பெருவிரல் ரேகை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ஒரே தாள் அதுதான். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறியவர்கள் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். போகாதவர்களின் பெட்டிகளில் கூடுதலாக எடுத்த பிரதிகள் கிடக்கின்றன. பல படங்கள் வெள்ளை பூத்து, மூக்கும் கண்ணும் மட்டும் மிஞ்சிவிட்டன. பார்த்ததும் இன்னார் என்று சொல்லக்கூடிய கிழவிகளும் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

உங்கள் வீட்டில் அப்படிப் படம் ஒன்று இருந்தால், சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனை வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும். பெயர், தோட்டம், டிவிஷன், எத்தனை வருடம் கூடை தூக்கினார், கடைசியாகக் கிடைத்த நாட்சம்பளம் எவ்வளவு, யாருக்கு என்ன கடன் இருந்தது. கடனை விட்டுவிட வேண்டாம். கம்பளையருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் 2007இலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பழைய லயமொன்றில்தான் அது நடக்கிறது. மூலப்படத்தை நீங்களே வைத்துக்கொண்டு ஒரு பிரதியை அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.